அத்தை சொல்லிவிட்டுத்தான் போவார்

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது உட்கார்ந்து அவரைப் பற்றி எழுதுவதைப் பார்த்து, ஆரம்பத்திலிருந்தே அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது. முதல் ஐந்தாறு மாதம் அவர் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதுவும் லேசுப்பட்ட குரல் இல்லை. எளாவூர் செக்போஸ்டில் லாரிக்காரர்களுக்கு டீ விற்றுப் பழகிய குரல். அவர் மாடியில் பேசினால் கீழே ரோட்டில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவர் ஒரு டேகேரில் ஆயா. கும்மிடிப்பூண்டியில் பைபாஸிலிருந்து சிப்காட்டுக்குத் திரும்புகிற இடத்தில், கம்பி விற்கிற கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த டேகேர். விடிகாலை நாலரைக்கே திறந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் அந்த நேரத்துக்குத் திறக்கிற இடம் அது ஒன்றுதான். ஏ ஷிஃப்டுக்குப் போகிற அம்மாக்கள் ஐந்தேகால் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பால்வாடி ஒன்பது மணிக்குத் திறந்து எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

என் மகளோடு சேர்த்து அங்கே பதினோரு பிள்ளைகள். அவர்கள் அவரை அத்தை என்பார்கள். அம்மாக்கள் நாங்கள் அக்கா என்போம். டேகேரை நடத்துகிற மேடம், ஆயா என்பார். பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் நடந்தது இது. என் மகள் மித்ராவுக்கு அப்போது மூன்று வயது ஆகவில்லை. மேடம் என்னிடம் சொல்லியிருந்தார்: "தூங்கும்போதே கொண்டு வந்து படுக்க வச்சிட்டுப் போயிடுங்க. முழிச்சிருந்தா அழும், உங்களுக்கும் கஷ்டம்." எல்லா அம்மாக்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் போர்வையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, பாயில் கிடத்திவிட்டுப் பூனை மாதிரி படியிறங்கினேன். பாதிப் படியில் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"இன்னாம்மா, கொயந்த கிட்ட சொல்லிக்காமப் போற?"

"தூங்கினு இருக்குது அக்கா."

"எழுந்து அம்மா எங்கன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க."

"அத நீ சொல்லணும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இந்தம்மாவுக்கு விடிகாலையில் வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னபோது, "அதுக்கு அதே வேலதான், சொல்லிட்டுப் போ, சொல்லிட்டுப் போன்னு. ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல வுட்டுடு" என்றாள். அவள் பிள்ளையும் அங்கேதான் இருந்தான்.

உண்மையிலேயே அவருக்கு அது ஒன்றுதான் வேலை. ஒரு பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் சொல்லுவார். பேச்சே வராத எட்டு மாதக் குழந்தையிடம், "தூக்கப் போறேன். தூக்கிட்டேன். இப்ப மூஞ்சி கழுவுவோம், தண்ணி சில்லுனு இருக்கும்" என்பார். கழிப்பறைக்குப் போகும்போதுகூட வாசலில் நின்று, "அத்தை பாத்ரூம் போயிட்டு வரேன், இதோ வந்துடுவேன்" என்று பதினோரு பேருக்கும் பொதுவாக அறிவிப்பார். அவர்களும் பெரிய மனிதர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, நாஷ்டாவைக்கூட நின்றபடி சாப்பிட்டுக்கொண்டு, கண் மட்டும் பாய் பாயாகப் போய்க்கொண்டிருக்கும். சமையல்கார அம்மா பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். மேடம் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் வருவார். மற்ற நேரமெல்லாம் சுவரில் இருக்கிற கேமரா வழியாக வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்வார். நடுவில் பதினோரு பேருக்கும் இவர் ஒருத்தர்தான். அந்தக் கணக்கை அன்றைக்கு நாங்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஒருமுறை ஊசி போட நர்ஸ் வந்தார். "எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா கண்ணா" என்று அவர் கொஞ்ச, இவர் குறுக்கே புகுந்தார். "எறும்பெல்லாம் இல்ல நைனா. ஊசி. வலிக்கும். வலிச்சா கத்திக்கோ, அத்தை கையப் புடிச்சிக்கிறேன்." ஊசியை எடுப்பதற்கு முன்பே ஐந்து பேர் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நர்ஸ், "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா" என்று அவரை அனுப்பப் பார்த்தார். பிள்ளைகள் அவர் புடவையை விட்டால்தானே. அன்றைக்கு வேலை முடிய ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. மேடம் எங்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

ஆனால் அங்கிருந்த ஓர் ஒரிசாக்காரப் பையன் விஷயத்தில் யாராலும் சிரிக்க முடியவில்லை. அவன் அப்பா உருக்காலையில் வேலை. அம்மா ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். யாரோடு, எங்கே என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாலு வயதுப் பையனிடம் அவன் அப்பா, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், பொம்மை வாங்கிக்கொண்டு வருவாள் என்று சொல்லி வைத்திருந்தார். எங்களிடமும் அப்படியே சொல்லச் சொன்னார். நாங்களும் சொன்னோம். அந்தப் பையன் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்பான். பெண் யாராவது பையோடு வந்தால் எக்கி எக்கிப் பார்ப்பான். மூன்று வாரம் பார்த்துவிட்டு, ஒருநாள் அத்தை அவன் பக்கத்தில் நின்று, "உங்கம்மா போயிட்டாங்க நைனா. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. சாயங்காலம் அப்பா வருவாரு, அது மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அப்பா வந்து ஆடின ஆட்டத்தை இன்னும் மறக்கவில்லை. பாதி இந்தி, பாதி தமிழ், கையை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டார். இவர் அசையாமல் நின்றார். "அடிக்கணும்னா அடிச்சிக்கோ. புள்ள ஜன்னல்லயே நின்னுனு இருந்தா யாருக்கு பேஜாரு?" மேடம் இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, இதுதான் கடைசி தடவை என்று இவரை எச்சரித்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் ஜன்னலுக்குப் போகவில்லை. இரண்டு நாள் மூலையில் கிடந்தான். பிறகு மற்றவர்களோடு விளையாடப் போனான். அது நல்லதா, கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாலு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்ல இந்தம்மாவுக்கு எப்படி வாய் வந்தது, நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சொல்லாமல் போகிறவர்கள் மேல் ஒருத்திக்கு இவ்வளவு கோபம் என்றால், அவளை யாராவது சொல்லாமல் விட்டுப் போயிருக்க வேண்டும், புருஷனாகத்தான் இருக்கும் என்று நானே கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் நயமாகக் கேட்டும் பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எவன் போனான்? ஊட்ல டிவி பாத்துக்கினு குந்தினு இருக்கான். அவன் போனா நான் தேட மாட்டேன்."

"அப்ப ஏன் அக்கா இப்படிப் படுத்தறீங்க?"

"சொல்லாமப் போனா தேடுவாங்க இல்ல? பெரியவங்க ரெண்டு நாள் தேடிட்டு விட்டுடுவாங்க. கொயந்த தேடிக்கினே இருக்கும்."

அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

மித்ரா கடிக்க ஆரம்பித்தது அதற்குச் சில மாதம் கழித்து. மதியம் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்து எல்லாரையும் படுக்க வைப்பார்கள். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை தூக்கம். எல்லாரும் தூங்கின பிறகு இவள் எழுந்து போய் ஒரு பிள்ளையின் கால் கட்டைவிரலைக் கடித்தாள். மறுநாள் இன்னொரு பிள்ளை. பத்து நாளில் ஆறு பேர். விழித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை அவள் ஒருமுறைகூடக் கடித்ததில்லை. கையிலிருக்கிற பொம்மையை யாராவது பிடுங்கினால் பேசாமல் கொடுத்துவிடுகிற ரகம். தூங்குகிற பிள்ளையைத்தான் கடிப்பாள்.

திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மா திருஷ்டி என்றார், சுற்றிப் போட்டோம். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், எல்லாம் போனில் கார்ட்டூன் பார்ப்பதால் வருவது என்று போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் என் பங்குக்கு அடித்தேன். "ஏன்டி கடிச்ச? சொல்லு, ஏன் கடிச்ச?" அவள் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கால் கட்டைவிரலைத்தான் பார்க்கிறாள் என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சொந்த மகளைப் பார்த்து பயப்படுவது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியாது.

ஏழாவதாகக் கடிபட்டது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரியின் பையன். பல் பதிந்த விரலைப் படம் எடுத்து அவள் எல்லா அம்மாக்களுக்கும் அனுப்பினாள். திங்கட்கிழமை நான் கூப்பிடப் போனபோது மேடம் காத்திருந்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நிக்கலைன்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க. ஒரு பிள்ளைக்காகப் பத்துப் பேரை நான் இழக்க முடியாது."

வேற இடம் எங்கே இருக்கிறது? காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் நான் டிரெய்னி. ஒரு வருஷம் லீவே போடாமல் ஓட்டினால் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வரும். முடிய இன்னும் மூன்று வாரம். டேகேர் இல்லையென்றால் முதல் நாளே லீவு, இரண்டாவது நாள் வேலை இல்லை. படியில் இறங்கினேன். மித்ரா இடுப்பில் இருந்தாள். அத்தை பின்னாலேயே வந்து படியை மறித்துக்கொண்டார்.

"உன் பொண்ணு ராத்திரி எங்க தூங்குது?"

"ஊட்லதான்."

"எங்க முழிச்சுக்குது?"

அந்த வாரமும் எனக்கு ஏ ஷிஃப்ட். "இங்க" என்றேன்.

"நீ மதியம் பி ஷிஃப்ட் போற வாரத்துல?"

"அவங்கப்பா வேல முடிஞ்சி ராத்திரி வந்து தூக்கினு போவாரு. தூங்கினுதான் இருப்பா."

"இங்க தூங்கினு எங்க முழிச்சுக்குது?"

"ஊட்ல."

"இப்ப புரியுதா? கோவத்துல கடிக்கிற கொயந்த கடிச்சிட்டு ஓடும். இது கடிச்சிட்டு அந்தக் கொயந்த மூஞ்சியப் பாக்குது. கண்ணு தொறந்துச்சுன்னா தடவிக் குடுத்துட்டு அடுத்த பாய்க்குப் போவுது. பத்து நாளா பாத்துக்கினு இருக்கேன். கண்ண மூடினா எங்கயோ தூக்கினு பூடுவாங்கன்னு அதுக்குத் தெரியும். உங்க ரெண்டு பேரால தெரியும். அது யாரையும் கடிக்கல மா. போவாத, போவாதன்னு எழுப்புது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மேடம் சொன்னபடி செய்தேன், எல்லாரும் செய்வதைச் செய்தேன், என்னை மட்டும் நிற்க வைத்துக் கேட்கிறாரே என்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அழுகை வந்தது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது அவள் அழக் கூடாது என்பதற்காக இல்லை. அவள் அழுவதை நான் பார்க்கக் கூடாது என்பதற்காக. அழவே அழாத பிள்ளை என்று பஸ்ஸில் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

மறுநாள் காலை நாலு மணிக்கு அவளை எழுப்பினேன். என் வீட்டுக்காரர், "தெருவே எழுந்துக்கப் போவுது" என்றார். தெரு எழுந்துகொள்ளத்தான் செய்தது. பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தாள். டேகேரில் என் கம்பெனி அட்டையின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா வேலைக்குப் போறேன். ரெண்டரைக்கு வந்துடுவேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அத்தைதான், "சொல்லு, அது மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்று விரட்டினார். சொன்னேன். "இப்ப விரல எடுக்கப் போறேன் கண்ணு, இது ஒண்ணு, இது ரெண்டு" என்று அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். மற்றப் பிள்ளைகளும் எழுந்து அழ ஆரம்பித்தார்கள். பஸ் நகர்ந்த பிறகுதான் ஏறினேன்.

புதன்கிழமையும் அதே கதை. அன்றைக்கு மதியம் இன்னொரு பிள்ளையைக் கடித்தாள். வியாழக்கிழமை கடிக்கவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. கண்ணிமையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாளாம். மேடம் என்னிடம், "காலையில எல்லாப் பிள்ளைங்களும் எழுந்துடுதுன்னு கம்ப்ளெயின்ட் வருது. இதெல்லாம் அந்த ஆயா குடுத்த ஐடியாவா?" என்று கேட்டார். நான் மழுப்பினேன். மனதுக்குள் எனக்கும் அவர் மேல் ஆத்திரம். இருந்த நிம்மதியையும் கெடுத்துவிட்டார் என்று.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வழக்கம்போல் போனேன். டேகேரின் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. படிப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறை நடுவில் பாயில் அத்தை மல்லாந்து படுத்திருந்தார். படுத்து மட்டுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை எனக்குக் கேட்டது. மித்ரா அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் தூங்கினார்கள். எவ்வளவு நேரமாக இப்படி என்று தெரியவில்லை. கூப்பிட வாய் திறந்தேன். ஏனோ கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் விழித்தார். எழுந்திருக்காமலே கேட்டார்.

"இன்னா, நான் எங்க கீறேன்?"

"இங்கதான்" என்றாள் மித்ரா.

"எங்கயாவது போனனா?"

"போகல."

"யாராவது வந்து தூக்கினு போனாங்களா?"

"இல்ல. நான் பாத்துக்கினே இருந்தேன்."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன்."

மித்ரா எழுந்து நின்றாள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதே இடத்தில், அவர் படுத்திருந்த அதே சூட்டில் தான் படுத்துக்கொண்டு, "இப்ப நீ பாரு" என்றாள்.

"அம்மா வந்தா எழுப்பறேன். எழுப்பாம யாரும் உன்னத் தூக்க மாட்டாங்க."

அவள் தூங்கிவிட்டாள். அத்தை ஜன்னலில் என்னைப் பார்த்தார். விரலை உதட்டில் வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே கம்பி ஏற்றுகிற சத்தம், லாரி ஹாரன், எதற்கும் அவள் அசையவில்லை. விழித்தபோது தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அதே இடம். அவள் சிரித்தாள் பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அந்தம்மாவின் காலைத் தொடலாம் என்றிருந்தது எனக்கு. தொடவில்லை. "நன்றி அக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை இரண்டரைக்குப் போனபோது மேடம் ஆபீஸ் அறையில் இருந்தார். கையில் போன். அத்தை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு ரெண்டு மூணு நாளா கடிக்கல. இன்னைக்கு நல்லா தூங்குறா. அது பிரச்சனை இல்ல, இருக்கட்டும்" என்றார் மேடம். என் உயிர் திரும்பி வந்தது. "ஆனா நேத்து ஒரு மணி நேரம் இவங்க படுத்துத் தூங்கியிருக்காங்க. பதினோரு பிள்ளைங்க இருக்கிற இடத்துல. கேமராவுல நானே பாத்தேன். கேட்டா, ஆமா தூங்கினேன்றாங்க. நீங்க அந்த நேரத்துக்கு வந்தீங்க இல்ல? நீங்களும் பாத்தீங்களா?"

எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். என் மகளுக்காகத்தான் மேடம், அவளைக் காவல் வைத்துவிட்டுத் தூங்கினார், அதனால்தான் அவள் இன்றைக்குத் தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் எல்லாப் பிரச்சனையும் உங்கள் பிள்ளையால்தான் என்று மேடம் திரும்புவார். இருக்கட்டும் என்று சொன்ன வாய் மாறிவிடும். மூன்று வாரம். எனக்கு அந்த மூன்று வாரம்தான் கண்ணில் நின்றது.

"ஆமா மேடம். தூங்கினு இருந்தாங்க" என்றேன்.

அத்தை என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மேடம் அவரிடம், "நாளையிலேர்ந்து வர வேண்டாம். பிள்ளைங்க தூங்கும்போதே கிளம்பிடுங்க, அழுது ஊரைக் கூட்டப் போறாங்க" என்றார்.

அவர் பெரிய அறைக்குப் போனார். முதல் பாயில் குனிந்து, அந்த ஒரிசாக்காரப் பையனின் காலைத் தொட்டு எழுப்பினார். "நைனா, அத்தை போறேன். இனிமே வரமாட்டேன். வேற அத்தை வருவாங்க. என்ன ஜன்னல்ல தேடாத." அடுத்த பாய். மேடம், "தூங்குற பிள்ளைங்களை எழுப்பாதீங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினார். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பதினோரு பாய், பதினோரு பேர். பேச்சு வராத அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதனிடமும் முழுவதையும் சொன்னார். சிலர் அழுதார்கள். சிலர் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினார்கள். மித்ராவை எழுப்பி அவள் காதோரம் கொஞ்ச நேரம் பேசினார். எனக்கு அது கேட்கவில்லை. நான் ஆபீஸ் அறை வாசலிலேயே நின்றிருந்தேன்.

பிறகு முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். கீழே அவர் யாரோ லாரிக்காரரிடம் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டது கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

பெர்மனென்ட் ஆனேன். மித்ரா இப்போது ஆறாவது படிக்கிறாள். இரண்டு முறை எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டீக்கடைகளில் விசாரித்தும் பார்த்தேன். பெயர் தெரியாமல் யாரை விசாரிப்பது?

அத்தை போன அன்றைக்கு மித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில்வே கேட் வரை நடந்தேன். அவள் அழவில்லை. அழாதது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் குனிந்து, "அத்தை ஊருக்குப் போயிருக்காங்கடா. ரெண்டு நாள்ல வந்துடுவாங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மித்ரா நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த பாயில் அழுகிற பிள்ளையைப் பார்ப்பது போல, கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள்.

"வரமாட்டாங்கம்மா. உன்கிட்ட சொல்லலையா?"

"சொல்லலடா" என்றேன்.